டிரெசரின் முதல் பார்வை

மலாக்காவின் ரப்பர்த் தோட்டங்களில் ஒரு காலத்தில் பொழுது விடிவதற்கு முன்பே மணி அடித்துவிடும். லயத்து வீடுகளிலிருந்து ஆணும் பெண்ணும் பெரட்டுக்களத்துக்கு வந்து வரிசையில் நிற்பார்கள். கிராணி பெயர் கூப்பிடுவார், மண்டோர் ஆள் கணக்குச் சொல்வார். உடம்புக்கு முடியாதவர்கள் மட்டும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரித் திண்ணையில் குந்தியிருப்பார்கள். அவர்களைப் பார்க்க வருபவர், தோட்டத்து மருத்துவ ஊழியரான டிரெசர். கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். வெளுத்திருந்தால் கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சியிருக்கிறது. இடது விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்துவார். மண்ணீரல் கையில் தட்டுப்பட்டால் பல தடவை வந்துபோன மலேரியா. வீங்கிய காலைக் கட்டைவிரலால் அமுக்கி எடுப்பார். குழி மேலெழும்ப நேரமானால் நீர் கோத்திருக்கிறது, பெரிபெரியாக இருக்கலாம்.

பார்த்து முடித்ததும் மூன்றில் ஒரு தீர்ப்பு வரும். கொயினாவைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகலாம். இல்லை, இன்று ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். இல்லை, இப்போதே லோரியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இன்று ஆம்புலன்ஸில் வந்து இறங்கும் மருத்துவ உதவியாளர், நோயாளியின் பக்கத்தில் முழங்காலிட்டு அமர்ந்து எடுக்கும் முடிவும் இதே வகைதான். யார் காத்திருக்கலாம், யாரைக் கண்காணிக்க வேண்டும், யாருக்கு ஒரு நிமிடம்கூட வீணாகக் கூடாது என்ற பிரிப்பு அது. மருத்துவமனை வாசலை எட்டுவதற்கு முன்பே ஓர் உயிரின் போக்கு பெரும்பாலும் அங்கேயே தீர்மானமாகிறது. மலாக்காத் தமிழர்களின் கதையில் இந்த முதல் பார்வைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் முதன்முதலாகப் பயிரானது மலாக்காவில்தான். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் எச். என். ரிட்லி, கன்று தருகிறேன் நடுங்கள் என்று தோட்டக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்த காலம். 1896-இல் மலாக்காச் சீனரான டான் சே யான், புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் அதை நட்டார். அடுத்து ஜாசின் வட்டாரத்துப் புக்கிட் அசஹானில் ஏறக்குறைய 3,000 ஏக்கருக்கு அது விரிந்தது. இந்த டான் சே யானின் தாத்தா டான் டோக் செங், மலாக்காவில் பிறந்து சிங்கப்பூரில் ஏழைகளுக்கென மருத்துவமனை நிறுவியவர். 1844-இல் தொடங்கிய அந்த மருத்துவமனை இன்றும் அவர் பெயரில் இயங்குகிறது. தாத்தா நோயாளிக்குக் கூரை போட்டார். பேரன் தொடங்கிவைத்த தொழிலோ ஆயிரக்கணக்கான மனிதர்களைக் காய்ச்சல் காட்டுக்குள் அழைத்து வந்தது.

ரப்பருக்கு ஆள் வேண்டும். தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினார்கள். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் அந்த ஆள்களின் உடம்பை முதலில் சோதித்தார்கள். கப்பலை விட்டு இறங்கியதும் பினாங்குக்கு அருகே ஜெரெஜாக் தீவிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் தடுப்பு முகாம்கள் இருந்தன. அங்கே மறுபடியும் சோதனை. ஆக, தோட்டத்துக்கு வந்த தமிழர் கண்ட முதல் மருத்துவப் பார்வை, இந்த உடம்பு உழைக்குமா என்று கேட்ட பார்வை. இந்த உயிர் பிழைக்குமா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது.

அந்தக் கேள்வியைக் கட்டாயமாக்கியது மலேரியா. காட்டை வெட்டியதும் மலைச்சரிவு ஓடைகளில் வெயில் விழுந்தது. வெயில் படும் தெளிந்த ஓடைநீரில்தான் அனோபிலிஸ் மகுலாட்டஸ் என்ற கொசு பெருகும். தோட்டம் திறந்த இடமெல்லாம் காய்ச்சலும் திறந்துகொண்டது. பக்கத்து ஐக்கிய மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் 1911-இல் ஆயிரம் தொழிலாளர்களுக்கு அறுபதுக்கு மேல் இறந்தார்கள். மலாக்கா, நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்று என்பதால் அதன் சட்டங்கள் வேறு; கொசு ஒன்றுதான். சிலாங்கூரில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன், தோட்டக் குழந்தைகளின் வயிற்றைத் தொட்டு, எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று எண்ணியே ஒரு தோட்டம் எவ்வளவு ஆபத்தானது எனக் கணக்கிட்டார். நோயைக் கையால் அளக்கும் அந்தப் பழக்கம் டிரெசர்களின் விரல்களுக்கும் வந்தது.

டிரெசர் என்றால் புண்ணுக்குக் கட்டுப் போடுபவர் என்றுதான் பொருள். ஆனால் தோட்டத்தில் அவர் பிரசவம் முதல் பிணப் பரிசோதனைக் கடிதம் வரை எல்லாவற்றுக்கும் நின்றார். டாக்டர் வாரத்துக்கு ஒருமுறையோ அதைவிட அரிதாகவோ வந்துபோவார். மற்ற நாள்களில் பல நூறு குடும்பங்களுக்கு டிரெசரே எல்லாம். இந்தியத் தமிழர், யாழ்ப்பாணத் தமிழர், மலையாளி எனப் பலரும் இந்த வேலையில் இருந்தார்கள். பால் வெட்டும் கத்தி கிழித்த கை, பாம்புக்கடி, வயிற்றுப்போக்கு, ஆயாக் கொட்டகையில் வலிப்பு வந்த குழந்தை என எல்லாம் அவர் மேசைக்கே வரும்.

அவருடைய நிலைமை சுலபமானதல்ல. சம்பளம் தோட்டம் தருகிறது. நோயென்று எழுதினால் துரைக்கு ஓர் ஆள் குறைகிறது. இல்லையென்று எழுதினால் காய்ச்சலோடு ஒருவர் மரத்தடிக்குப் போகிறார். நாள்கூலிக்காரருக்கோ படுத்தால் கூலி இல்லை. அதனால் நோயை மறைத்தவர்களும் இருந்தார்கள், இல்லாத நோயைச் சொன்னவர்களும் இருந்தார்கள். இந்த இரு வகையினரையும் பிரித்தறிவதே டிரெசரின் தினசரிப் பாடம். நல்ல டிரெசர் பேச்சைக் கேட்டுக்கொண்டே மூச்சை எண்ணுவார். கேள்வி கேட்டுக்கொண்டே நகத்தின் நிறத்தைப் பார்ப்பார்.

இந்தப் பிரிப்புக்கு உலகம் வைத்த பெயர் டிரையாஜ். தரம் பார்த்துப் பிரிப்பது என்று பொருள்தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கம்பளியையும் காப்பிக்கொட்டையையும் பிரிக்கப் பயன்பட்ட சொல். தோட்டத்து மக்களுக்கு இந்த வேலை புதிதல்ல. புகைக்கூடத்திலிருந்து வெளிவந்த ரப்பர் ஷீட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குமிழியும் கறையும் பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம் என அடுக்குவார்கள். சரக்கைப் பிரிக்கும்போது சிறந்தது முதலில் போகும். மனிதரைப் பிரிக்கும்போது மிக மோசமான நிலையில் இருப்பவர் முதலில் போக வேண்டும். இந்தத் தலைகீழ் மாற்றத்தைப் போர்க்களத்தில் நடைமுறையாக்கியவர் நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் தொமினிக் ழான் லாரே. 1790-களில் அவர் குதிரை பூட்டிய இலகு வண்டிகளைச் சண்டை நடக்கும் இடத்துக்கே ஓட்டினார். பதவியோ நாடோ பாராமல், காயத்தின் கடுமை ஒன்றையே பார்த்து மருத்துவம் செய்ய வேண்டும் என்பது அவர் வைத்த விதி.

துரை பங்களா, கிராணி வீடு, லயம் என்று படிப்படியாக வாழ்ந்த தோட்டத்தில் அந்த விதியைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பார்க்கலாம். குடியேற்றக் கால மருத்துவமனைகளிலேயே வெள்ளையருக்கு வார்டு தனி, மற்றவர்களுக்குத் தனி.

பிரித்த பிறகு கொண்டுபோக வேண்டுமே. ஆரம்பத்தில் மாட்டுவண்டியும் தூளியும்தான். 1905-இல் தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு ரயில் பாதை வந்தது. வடக்கே தம்பின் எல்லையோரத் தோட்டங்களிலிருந்து நகரம் ஒரு ரயில் தூரமானது. 1934-இல் மலாக்காவில் புதிய பொது மருத்துவமனை எழுந்தது. இன்றைய மலாக்கா மருத்துவமனையின் தொடக்கம் அது. ஆனால் அதற்குப் பத்தாண்டுகள் ஆவதற்குள் ரயில் போய்விட்டது. ஜப்பானியர் ஆட்சியில் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். இரும்பு போன பாதையிலேயே மலாயாத் தோட்டத் தமிழர்களும் பல்லாயிரக்கணக்கில் போனார்கள். 1943-இல் அங்கே காலரா பரவியபோது கூலி முகாம்களில் மருந்தும் இல்லை, நோயாளியைப் பிரித்துப் பார்க்க ஆளும் போதவில்லை. முதல் பார்வை என்ற ஒன்றே இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த முகாம்கள் சாட்சி. தம்பின்–மலாக்கா ரயில் பாதை பிறகு திரும்ப வரவேயில்லை.

போருக்குப் பின் பால் லோரியும் தோட்டத்து வேனும் ஆம்புலன்ஸ் வேலை பார்த்தன. டிரெசர் பின்னால் உட்கார்ந்து நோயாளியின் தலையைப் பிடித்துக்கொள்வார். செம்மண் சாலையின் குண்டும் குழியும் தாண்டி ஜாசினையோ அலோர் காஜாவையோ மலாக்கா நகரையோ அடைய வேண்டும். மழை பெய்தால் அந்தப் பயணமே தனிப் போராட்டம். அதனால் டிரெசரின் முடிவில் நோயோடு சேர்த்துத் தூரமும் வானிலையும் கணக்காயின. மாலைக்குள் மோசமாகக்கூடியவரைக் காலையிலேயே அனுப்பிவிடுவது அனுபவம் தந்த அறிவு.

நாடு விடுதலை பெற்ற பிறகு இந்த வேலைக்குச் சட்ட வடிவம் வந்தது. 1965-இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம். 1977-இல் மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம். முதலாவது தோட்டத்தில் இருப்பவர்களுக்கு, அடுத்தது அரசு மருத்துவமனைகளில் வளர்ந்த பிரிவுக்கு. டிரெசர், ஹாஸ்பிட்டல் அசிஸ்டண்ட், மெடிக்கல் அசிஸ்டண்ட் என மாறி மாறி வந்த பெயர் இன்று மலாயில் பெனோலோங் பெகாவாய் பெருபாத்தான், அதாவது உதவி மருத்துவ அதிகாரி. அரசு ஆம்புலன்ஸில் வந்து இறங்குபவர் பெரும்பாலும் இவர்தான். பெரட்டுக்களத்துத் திண்ணைக்கும் இன்றைய ஆம்புலன்ஸுக்கும் இடையே ஓடும் கோடு இது.

ஆனால் சட்டம் வந்த அதே காலத்தில் தோட்டங்கள் சிதறத் தொடங்கியிருந்தன. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டுப் போயின. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். பொருளியல் அறிஞர் உங்கு அஜிஸ் தலைமையில் நடந்த ஆய்வு இதன் பாதிப்புகளைப் பதிவு செய்தது. துண்டாடிய தோட்டத்தில் தனி ஆஸ்பத்திரி வைக்க யாரும் இல்லை. மிஞ்சிய தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஆள் தேவை குறைந்தது. 1990-இல் வந்த தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் சட்டம் தோட்ட மருத்துவ வசதியைப் பற்றிப் பேசியது. அதற்குள் மக்களே வெளியேறத் தொடங்கிவிட்டார்கள். புக்கிட் லிந்தாங், கெமுனிங், டைமண்ட் ஜூப்ளி போன்ற பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையில் தோட்டத்தின் நினைவைத் தாங்கி நிற்கின்றன.

தோட்டங்கள் இப்படி மாறிக்கொண்டிருந்த காலத்தில் புதிய ஆபத்து ஒன்றும் வந்தது. புல்லுக்கு மருந்தடிக்கும் வேலையில் முதுகில் பம்புடன் நடந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். அவர்கள் தெளித்தவற்றுள் பாராகுவாட் கொடியது. ஐரீன் பெர்னாண்டஸ் நடத்திய தெனாகனித்தா அமைப்பு, 2002-இல் இந்தப் பெண்களின் உடல்நிலை குறித்து ஆய்வறிக்கை வெளியிட்டது. 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் பாராகுவாட்டுக்கு முழுத் தடை.

முதல் பார்வை எப்படி ஏமாறும் என்பதற்குப் பாராகுவாட்டை விடக் கடுமையான பாடம் இல்லை. அதைக் குடித்தவர் முதல் மணி நேரங்களில் நடப்பார், பேசுவார், தண்ணீர் கேட்பார். வாய் எரிச்சலும் வாந்தியும் தவிரப் பெரிதாக எதுவும் தெரியாது. மூச்சு, நாடி, நினைவு மூன்றும் சரியாக இருக்கும். பார்ப்பவர் காத்திருக்கட்டும் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் சிறுநீரகமும் நுரையீரலும் அதற்குள் கெடத் தொடங்கியிருக்கும். நாள்கள் செல்லச் செல்ல நுரையீரல் இறுகி மூச்சு அடைத்துவிடும். மூச்சுத் திணறுகிறவருக்கு ஆக்ஸிஜன் கொடுப்பது வழக்கம். இவருக்கோ தேவைக்கு முன்பே ஆக்ஸிஜன் கொடுத்தால் நுரையீரல் இன்னும் வேகமாகக் கெடும். இங்கே காப்பாற்றக்கூடியது ஒரே ஒரு தகவல்: எதைக் குடித்தார்? வீட்டு மூலையில் கிடக்கும் போத்தலை எடுத்து வண்டியில் வைப்பவர் மருத்துவருக்குப் பாதி வேலையைச் செய்துவிடுகிறார்.

இன்றைய அமைப்பு தொலைபேசியில் தொடங்குகிறது. உலகின் முதல் 999 சேவை 1937-இல் லண்டனில் தொடங்கியது. மலேசியாவில் காவல், தீயணைப்பு, மருத்துவம், பொதுத் தற்காப்பு எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணாக 999-ஐ 2007-இல் ஒருங்கிணைத்தார்கள். அழைப்பு மருத்துவ அவசர ஒருங்கிணைப்பு மையத்துக்கு மாறியதும் பிரிப்பு ஆரம்பமாகிறது. எந்த இடம்? நினைவிருக்கிறதா? மூச்சு விடுகிறாரா? இரத்தம் போகிறதா? இந்தப் பதில்களை வைத்தே எந்த வண்டி, எவ்வளவு அவசரம் என்று முடிவாகும். அவசர மருத்துவமே இந்த நாட்டில் இளைய துறை. அதற்கான முதல் முதுநிலைப் படிப்பு 1998-இல்தான் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது.

வண்டி வந்ததும் குழு முதலில் சுற்றுமுற்றும் பார்க்கும். மின்கம்பி அறுந்து கிடக்கிறதா, சாலையில் வாகனம் பாய்கிறதா? தங்கள் உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகே நோயாளியிடம் போவார்கள். அடுத்து மாறாத ஒரு வரிசை: மூச்சுக்குழல் திறந்திருக்கிறதா, மூச்சு ஓடுகிறதா, இரத்த ஓட்டம் எப்படி, நினைவு எப்படி, உடலில் மறைந்திருக்கும் காயம் ஏதும் உண்டா? முதல் கேள்விக்கு விடை சரியாகாமல் அடுத்ததற்குத் தாவக் கூடாது. உடைந்த கால் எவ்வளவு கோரமாகத் தெரிந்தாலும், சத்தமில்லாமல் மூச்சு அடைத்துக் கிடப்பவரே முதல். நினைவை அளக்க 1974-இல் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேலும் ஜென்னெட்டும் வகுத்த அளவுகோல் பயன்படுகிறது. கண் திறப்பது, பேசுவது, கையை அசைப்பது மூன்றுக்கும் மதிப்பெண். முழு நினைவுக்கு 15, கீழ்மட்டம் 3.

ஒருவர் என்றால் இப்படி. பலர் ஒரே நேரத்தில் விழுந்து கிடந்தால்? 2024 டிசம்பர் 23 இரவு, ஆயர் குரோ அருகே வட–தென் நெடுஞ்சாலையின் 204-ஆவது கிலோமீட்டரில் பேருந்தும் வேறு வாகனங்களும் சிக்கிய விபத்தில் 7 பேர் இறந்தார்கள். மேலும் பலர் காயமடைந்தார்கள். இத்தகைய இரவுகளுக்கென்றே 1983-இல் கலிபோர்னியாவில் ஒரு மருத்துவமனையும் தீயணைப்புத் துறையும் சேர்ந்து ஒரு முறையை வகுத்தன. நடக்க முடிந்தவர்களை ஒரு பக்கம் வரச் சொல்வார்கள், அவர்களுக்குப் பச்சை. மற்றவர்களிடம் ஒவ்வொருவராகப் போவார்கள். மூச்சு இல்லையா? தலையைச் சரிசெய்து காற்றுவழி திறந்து பார்ப்பார்கள். அப்போதும் வராவிட்டால் கறுப்பு, வந்தால் சிவப்பு. மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு மேல் போனால் சிவப்பு. நகத்தை அழுத்தி விட்டதும் நிறம் திரும்ப 2 விநாடிக்கு மேலானால் சிவப்பு. கையை மடக்குங்கள் என்றால் மடக்க முடியாதவருக்கும் சிவப்பு. எல்லாம் சரியாக இருந்தும் நடக்க முடியாதவருக்கு மஞ்சள். ஓர் ஆளுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது.

நகத்தை அழுத்தி நிறத்தைப் பார்ப்பது, சொன்னதைச் செய்கிறாரா என்று கவனிப்பது: பழைய டிரெசர் பார்த்திருந்தால் இதை உடனே புரிந்துகொண்டிருப்பார். வேறுபாடு ஒன்று உண்டு. அவர் தனியாக, துரையின் கணக்கையும் மனத்தில் வைத்துக்கொண்டு முடிவெடுத்தார். இன்றைய முடிவுக்கு எழுதிவைத்த விதி துணை நிற்கிறது. பணக்காரர் பச்சையாகவும் கூலிக்காரர் சிவப்பாகவும் இருக்க அந்த விதி இடம் தருகிறது. மருத்துவமனை அவசரப் பிரிவின் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பகுதிகளிலும் அந்த நியாயமே தொடர்கிறது. இது சாதாரண முன்னேற்றமல்ல.

ஆனாலும் பழைய தவறு ஒன்று இன்னும் சாகவில்லை. தோட்டத்தில் கள்ளுக்கடை இருந்த காலத்தில் சம்பள நாளன்று சுருண்டு விழுந்தவரைக் குடிகாரன் என்று தாண்டிப் போவார்கள். இன்று அப்படி விழுபவர் நீரிழிவுக்காரராகவும் இருக்கலாம். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியரில் வயது வந்தோருள் 100-க்கு 31 பேருக்கு மேல் நீரிழிவு. ஊசியோ மாத்திரையோ போட்டுக்கொண்டு சாப்பிடாமல் விட்டவருக்குச் சர்க்கரை இறங்கும். வியர்த்துக் கொட்டும், நாக்குக் குழறும், தள்ளாடுவார், சிலசமயம் கோபமாகக் கத்துவார். பார்ப்பதற்கு அச்சு அசலாகப் போதை. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதித்தால் சில விநாடிகளில் உண்மை தெரியும்; குளுக்கோஸ் ஏறியதும் பெரும்பாலும் கண் திறப்பார். பக்கவாதத்தையும் இப்படித்தான் குடி என்று தவறாக எண்ணுகிறார்கள். இரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்து கொடுக்க அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக நாலரை மணி நேரம்தான் உண்டு. தூங்கட்டும், தெளிந்துவிடும் என்று விட்ட இரவு அந்த நேரத்தை விழுங்கிவிடுகிறது.

தோட்டத்து ஆஸ்பத்திரித் திண்ணை இன்று இல்லை. டிரெசர் கூப்பிடு தூரத்தில் இல்லை. ஆம்புலன்ஸ் ஜாசினிலிருந்தோ அலோர் காஜாவிலிருந்தோ மலாக்காவிலிருந்தோ வரவேண்டும். செம்பனைக்குள் இருக்கும் லயத்துக்குத் தெருப்பெயரும் கிடையாது. ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை முதல் பார்வை வீட்டில் இருப்பவர்களுடையது. ஆகவே தோட்டத்திலும் தாமானிலும் வாழும் ஒவ்வொரு குடும்பமும் சிலவற்றைச் செய்துவைக்க வேண்டும். வீட்டுக்கு வழி சொல்லும் அடையாளத்தை, பள்ளியோ கோயிலோ சாலையின் கிலோமீட்டர்க் கல்லோ, எழுதித் தொலைபேசி அருகே ஒட்டுங்கள். பெரியவர்கள் சாப்பிடும் மருந்துகளை ஒரே பையில் போட்டு வையுங்கள். யாராவது விழுந்தால் மூச்சு இருக்கிறதா, பேச்சுக் குழறுகிறதா, முகம் ஒரு பக்கம் கோணுகிறதா என்று பாருங்கள். எப்போது ஆரம்பித்தது என்று மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். உடனே 999-ஐக் கூப்பிடுங்கள். பிறகு ஒருவர் மோட்டார் சைக்கிளில் போய்ச் சாலை முனையில் விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கட்டும்.